பாண்டீஸ்வரி பேரில் ஆறு எண்கள்

திருமங்கலம்,
12.1.2025

அன்புத் தம்பி முத்துப்பாண்டிக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பேரில் ஆறு சிம் கார்டுகள் வாங்கப்பட்டிருக்கின்றன. மதுரை சைபர் கிரைம் ஸ்டேஷனிலிருந்து நேற்று வந்த ஏட்டு என் கையில் கொடுத்த நோட்டீசில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்று. மற்ற ஐந்தையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அதில் ஒன்றிலிருந்து சோழவந்தான் பக்கத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு, போலீஸ் என்று மிரட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். இருபதாம் தேதி நான் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

மச்சானுக்கு லாரி ஓட்டி ஓட்டி இடுப்புப் பிடிப்பு. திவ்யா நன்றாகப் படிக்கிறாள். எனக்குக் குறை ஒன்றும் இல்லை, இதைத் தவிர. உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? சோலாப்பூர் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

தீபாவளிக்கு முன்னால் போனவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் எண் அணைந்தே கிடக்கிறது. உசிலம்பட்டியில் உன் முதலாளி பேயாண்டி அண்ணன் வீட்டில் கேட்டு இந்த விலாசத்தை வாங்கினேன். அவர் போனில் கூப்பிடலாம்தான். முறுக்குக் கம்பெனியில் பத்துப் பேர் காதில் விழும். என் போனையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகளிர் குழுவில் எட்டு வருஷம் தீர்மானம் எழுதிய கைதானே, அதனால் கடிதமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மச்சான் சொல்கிறார்: "பஸ் ஸ்டாண்டுல குடையப் போட்டு ஊருக்கே நம்பர் வித்த மாப்ளைக்கு இப்ப ஒரு நம்பர் இல்லையாக்கும்." சிரிப்புக்குத்தான் சொன்னார்.

நீ அந்தச் சிம் விற்கிற தொழிலில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவன். இது எப்படி நடக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்று எழுது. பொங்கலுக்கு நீ இல்லாதது வீட்டில் தெரிகிறது.

உன் அக்கா,
பாண்டீஸ்வரி


சோலாப்பூர்,
27.1.2025

அக்காவுக்கு முத்துப்பாண்டி வணக்கத்தோடு எழுதுவது.

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே முறுக்கைச் சக்லி என்கிறார்கள். நாளைக்கு நூறு கிலோ மாவு ஓடுகிறது. முதலில் எண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது, இப்போது பழகிவிட்டது. பேயாண்டி அண்ணன் தம்பி மாதிரிப் பார்த்துக்கொள்கிறார். கம்பெனியில் எங்களுக்குப் போன் தேவைப்படவில்லை, அதனால் வைத்துக்கொள்ளவில்லை.

நீ பயப்படாதே. இந்த மாதிரி ஊரெல்லாம் நடக்கிறது. ஆதார் ஜெராக்ஸ் எங்கெங்கே கொடுத்தாய் என்று யோசித்துப் பார். கேஸ் கம்பெனி, குழுக் கடன், பள்ளிக்கூடம். ஜெராக்ஸ் கடைகளில் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இனிமேல் பிரதி கொடுத்தால் அதன் மேலேயே எதற்காகக் கொடுக்கிறாய் என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. உன் பேரில் எத்தனை எண் ஓடுகிறது என்று பார்க்க அரசாங்கத்தின் இணையதளம் ஒன்று இருக்கிறது. திவ்யாவுக்குத் தெரியும். உன்னுடையது அல்லாததை அங்கேயே 'என் எண் இல்லை' என்று பதிந்துவிடலாம். ஸ்டேஷனில் மறுபடி கூப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது என்றே சொல்.

மச்சானுக்குச் சூடாக ஒத்தடம் கொடு. திவ்யாவைக் கேட்டதாகச் சொல்.

முத்துப்பாண்டி


திருமங்கலம்,
11.2.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். திவ்யாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்து இறங்கியது. உன் உடம்பைக் கவனி. எண்ணெய்ச் சூட்டில் நின்றுகொண்டு வெறும் டீயாகக் குடிக்காதே.

இருபதாம் தேதி ஸ்டேஷனுக்குப் போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன், மறுபடி கூப்பிடுவார்களாம். நீ எழுதியதை வைத்து ஜெராக்ஸ் கொடுத்த இடமெல்லாம் ஏறி இறங்கினேன். கடைசியாகத் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் செல்வக்குமார் கடை. நான் அதிகமாகப் போகிற இடம் அதுதான் என்பதால் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்: "ஏன்டா, என் ஆதாரை எம்புட்டுக்குடா வித்த?" அவன் முகம் செத்துவிட்டது.

"அக்கா, வாயில வந்ததப் பேசாதீங்க. ஜெராக்ஸ வச்சுச் சிம்மு வாங்குனது அந்தக் காலம். இப்ப ஆளே நேர்ல வந்து கட்டை விரல வைக்கணும். உங்க விரலு என்ன எங்கிட்டயா இருக்கு?"

அவன் கடையில் நின்றவர்களில் இரண்டு பேர் பிரதி எடுக்காமலே போய்விட்டார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கப்பலூரில் சிமெண்ட் கல் கம்பெனிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து என் விரலில் ரேகை சரியாக இல்லை என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் ஐந்தாறு தடவை வைத்தால்தான் விழும். "இன்னொருக்க வைங்க" என்று யார் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் வைப்பேன். அது எனக்குப் பழகிப்போன ஒன்று.

செல்வக்குமார் சொன்னது சரியா? நீ சொன்னால் தெரியும்.

அக்கா


திருமங்கலம்,
9.3.2025

தம்பி முத்துப்பாண்டிக்கு அக்காவின் அன்பு.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பேயாண்டி அண்ணனின் மச்சினன் ஊருக்கு வந்தபோது நீ கொடுத்தனுப்பிய முறுக்குப் பை வந்தது. அதற்குள் ஒரு சீட்டாவது இருக்கும் என்று திவ்யா பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். நீ நலமாக இருக்கிறாய் என்று அவர் சொன்னார். இளைத்துவிட்டாய் என்றும் சொன்னார்.

ஆறாம் தேதி இரண்டாவது தடவையாக ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. ஒரு அம்மா. கோபப்படாமல் பேசுகிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆறு சிம்மும் 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஒரே இடத்தில், காலை 9.40 மணியிலிருந்து 10.20 மணிக்குள் கொடுக்கப்பட்டவை. கொடுத்த இயந்திரம் முத்திருளன் என்கிற டிஸ்டிரிபியூட்டர் பேரில் இருக்கிறது. தன்னிடம் ஏழு பையன்கள் குடை போட்டிருந்தார்கள், எவன் என்று தெரியாது என்கிறான் அவன். அதோடு, "அந்தம்மாவே ஆறு கேட்டு வாங்கி வெளிய வித்துருச்சு" என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் வேறு யாரையும் காட்டாவிட்டால் முதல் குற்றவாளி நான்தான்.

"ரேகை எங்கெங்க வச்சீங்க?" என்று கேட்டார். ரேஷன் கடை, வங்கி என்றேன். "வேற எங்கயாச்சும்?" என்றார். ஞாபகம் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டேன்.

நான் உள்ளே போவதற்கு முன்னால், வெளியே பெஞ்சில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் பஸ், வெயில் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாட்டிலில் இருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "பாண்டீஸ்வரியா? இந்தப் பேர்லயா என்னயக் கூப்பிட்டாக?" என்றார். அவர்தான் மலையம்மாள், அந்த நர்ஸ்.

உன் வயிற்று வலிக்கு மருந்து வாங்கினாயா?

அக்கா


சோலாப்பூர்,
24.3.2025

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. இங்கே வெயில் ஏறிவிட்டது. மச்சான், திவ்யா எல்லாரும் சுகமா?

ஞாபகம் இல்லை என்று நீ சொன்னது நல்லது.

அந்த நர்ஸ் அம்மா வேறு என்ன சொன்னார்?

முத்துப்பாண்டி


திருமங்கலம்,
10.4.2025

தம்பிக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். உன் சுகத்தை எழுதியிருந்தாய்.

'நல்லது' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு என்று எழுதவில்லை.

மலையம்மாள் சொன்னதைக் கேட்டிருந்தாய். அன்று நான் வெளியே வந்த பிறகு அவரே சொன்னார். உடுப்புப் போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, உன் பேரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, அறையை விட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் போனை முன்னால் நிறுத்திவைத்து அவர் குளிக்காமல், கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டார் தட்டியபோது தலைவலி என்று சொல்லச் சொன்னார்களாம், சொன்னாராம். ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதும் போய்விட்டது. ஆனால் அவர் அதைப் பற்றி இரண்டு வரிதான் பேசினார். "முப்பத்தொரு வருசம் ஊசி போட்டு எத்தனையோ பேரத் தைரியம் சொல்லித் தேத்திருக்கேன். அந்த ரெண்டு நாளு எனக்கு நானே ஒரு வார்த்தை சொல்லிக்க முடியல" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிமெண்ட் வெடிப்புக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றேன். போதாது என்று ஒரு களிம்பின் பேரை எழுதிக் கொடுத்தார். நான் தப்புச் செய்தேனா இல்லையா என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.

கம்பெனியில் கேஸ் முடிந்ததும் வா என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் ஒன்றிலிருந்து வீட்டில் இருக்கிறேன். குழுவிலும் செயலாளர் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். தீர்மானத்தை என்னையே எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். குற்றப்பத்திரிகை ஜூன் கடைசியில் போகும் என்று எஸ்.ஐ. சொல்லியிருக்கிறார்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

பாண்டீஸ்வரி


சோலாப்பூர்,
21.5.2025

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நலம் என்று எழுதத்தான் ஒவ்வொரு தடவையும் தொடங்கினேன். நலமாக இல்லை.

2023 ஆகஸ்ட் 20 ஞாயிற்றுக்கிழமை நான் குடை போட்ட முதல் நாள். உன் கை ராசியான கை என்று முதல் போணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ தலைக்குக் குளித்து, வெற்றிலை பாக்கோடு வந்தாய். முதல் தடவையே உன் விரல் விழுந்துவிட்டது. மற்ற ஐந்து தடவையும் விழவில்லை என்று நான் சொன்னது பொய். நீ ஒவ்வொரு தடவையும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாய். "சனியன், சிமெண்டு திங்கிற கையி" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். நான் சிரித்தேன்.

முத்திருளன் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. வயல் வேலை, கல் வேலை செய்கிற ஆளாகப் பார், அவர்கள் மறுபடி வைக்கச் சொன்னால் சந்தேகப்பட மாட்டார்கள் என்றான். மாத டார்கெட் இருக்கிறது, கூடுதல் சிம்முக்குத் தனியாகத் தருவேன் என்றான். கம்பெனி விளம்பரத்துக்கு மெசேஜ் அனுப்பத்தான் என்று சொன்னான். நம்பினேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. கேட்காமல் இருந்தேன் என்பது மீதி.

முதலில் உன்னிடம் செய்ய முடிந்துவிட்டதால், அப்புறம் மற்றவர்களிடம் செய்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. போன அக்டோபரில் முத்திருளனைத் தேடிப் போலீஸ் வந்தது. அன்றைக்கே என் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். ஜெராக்ஸ் என்று உன்னைத் திசை திருப்பியது தெரிந்தே செய்தது.

நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே கிடக்கிறேன். நீயே சொல்.

முத்து


திருமங்கலம்,
31.5.2025

முத்துவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் அதை எழுதுகிறேன், ஏனென்றால் மற்றது எதுவும் உனக்கு இதமாக இருக்காது.

எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். செல்வக்குமார் விரல் என்று சொன்னதும், நான் விரல் வைத்த இடங்களை எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். மூன்றே இடம். ஸ்டேஷனில் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் வெளியே வந்திருப்பேன்.

மச்சானிடம் இன்றுதான் சொன்னேன். தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "எங்கிட்டயும் ரெண்டு தடவ வைக்கச் சொன்னான்டி அந்த மாப்ள" என்றார்.

வா என்றும் வராதே என்றும் நான் எழுத மாட்டேன். நான் சொல்லி நீ வந்தால் நான் பிடித்துக் கொடுத்ததாகிவிடும். நீயாக வந்தால் நீ வந்ததாக இருக்கும். இரண்டும் ஒன்றில்லை. இந்த ஒன்றையாவது என் மேல் சாய்க்காதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த அன்னக்கொடி, முனீஸ்வரி இரண்டு பேருக்கும் திவ்யா அந்த இணையதளத்தில் பார்த்துச் சொன்னாள். ஒருத்தி பேரில் நாலு, இன்னொருத்தி பேரில் ஐந்து. இருவரும் உன் குடையில் வாங்கியவர்கள். என்னை நம்பித்தான் உன்னிடம் வந்தார்கள். இன்னும் எத்தனை பேர்? அந்த எண்களில் இப்போது யார் யாரை மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள்? பேரோடு, ஊரோடு எழுதி அனுப்பு. அதற்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

செல்வக்குமார் கடைக்குப் போய், அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் கேட்டேனோ அத்தனை பேராவது நிற்கும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, ஒரு டீ சொல்லுங்க" என்றான்.

பாண்டீஸ்வரி


சோலாப்பூர்,
15.6.2025

அக்காவுக்கு,

இத்துடன் மூன்று தாள் இருக்கிறது. நினைவுக்கு வந்தவரை நாற்பத்தொரு பேர். ஊர் தெரிந்தவர்களுக்கு ஊர் எழுதியிருக்கிறேன். கப்பலூர் கம்பெனி ஆட்கள் பதினெட்டு, திருவாதவூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு வேன் ஆட்கள் ஒன்பது, மற்றவர்கள் சந்தைக்கு வந்தவர்கள். மச்சான் பேரும் அதில் இருக்கிறது. முகம் நினைவிருந்து பேர் வராதவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் உண்டு.

பேயாண்டி அண்ணனிடம் சொன்னேன். மாவுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "இம்புட்டு நாளா இதையுமாடா வயித்துல வச்சிருந்த? வலிக்காம என்ன செய்யும்" என்றார். "போயிட்டு வா. அடுப்பு இங்கனதான் இருக்கும்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை மதுரையில் இறங்குகிறேன். நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன். ரயிலடிக்கு வராதே. உன்னைப் பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும், அப்புறம் போக மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

வலி கொஞ்சம் பரவாயில்லை.

முத்துப்பாண்டி


திருமங்கலம்,
5.7.2025

பெறுநர்: முத்துப்பாண்டி, மத்தியச் சிறை, மதுரை

அன்புத் தம்பிக்கு,

சுகமா? மாத்திரையைச் சிறை டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லி வக்கீல் வெங்கடரமணனிடம் சொல்லியிருக்கிறேன். இலவச சட்ட உதவியில் கிடைத்தவர், ஆனால் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார். மச்சானின் இடுப்பு தேவலை. திவ்யா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நீ ஸ்டேஷனுக்குப் போன அன்று வீட்டில் உலை வைத்துவிட்டு யாரும் சாப்பிடவில்லை.

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். உன் வாக்குமூலத்தை வைத்து ஜூன் 26 அன்று முத்திருளனைக் கைது செய்தார்கள். நீ கொடுத்த நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேரை நானும் திவ்யாவும் பார்த்துவிட்டோம். இரண்டு பேரைத் தவிர எல்லார் பேரிலும் கூடுதல் எண் இருந்தது. துண்டிக்கச் சொல்லிப் பதிந்திருக்கிறோம். திருவாதவூரில் ஒரு வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. "அக்காளும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து கொள்ளையடிச்சுட்டு இப்ப நாயம் பேச வந்துட்டாக" என்றார் அந்த வீட்டு அம்மா. வாசலில் நின்றே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் அவர் மகன் திவ்யாவைக் கூப்பிட்டு எப்படிப் பார்ப்பது என்று கேட்டான்.

மலையம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். என் தம்பிதான் என்றேன். "எத்தன வயசு?" என்று கேட்டார். இருபத்தேழு என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் உனக்காக எதுவும் கேட்கவில்லை.

இன்னும் தெரியாதவை இரண்டு. உன் ஜாமீன் மனு வரும் வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் தேதி விசாரணைக்கு வருகிறது. குற்றப்பத்திரிகை ஆகஸ்ட் முதல் வாரம் என்கிறார்கள். அதில் என் பேர் குற்றவாளிப் பட்டியலிலிருந்து சாட்சிப் பட்டியலுக்கு மாறும் என்று எஸ்.ஐ. அம்மா வாயால் சொன்னார். தாளில் பார்க்கும்வரை நான் அதை நம்புவதாக இல்லை.

மாறினால் என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்டேன். சொன்னார்: உன் மேல் நடக்கிற வழக்கில் முதல் சாட்சி நான். கூண்டில் ஏற்றி, உங்களை விரல் வைக்கச் சொன்னது யார், இங்கே இருக்கிறாரா என்று கேட்பார்களாம். கேட்டால் உன்னைக் காட்டுவேன். அதை நீ முதன்முதலாகக் கோர்ட்டில் வைத்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

இதை நேரிலும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை பார்க்க விடுவார்கள் என்றார்கள். எட்டாம் தேதி காலை முதல் ஆளாக மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன்.

உன் அக்கா,
பாண்டீஸ்வரி